பனிநாட்டுத் தோட்டத்தில் வசந்தகாலக் கிழங்குப் பூக்கள்: நடவு முதல் மறுபூப்பு வரை

டியூலிப், டாஃபோடில், ஹயசிந்த், குரோக்கஸ் ஆகியவை பங்குனி, சித்திரையில் பூத்தாலும், அவற்றுக்கான நடவு வேலை முந்தைய புரட்டாசி, ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டும். கனடாவிலும் பிரிட்டனிலும் வீட்டோடு ஒரு துண்டுத் தோட்டமும் வாய்த்த நம்மவர் பலர், ஏப்ரலில் பக்கத்து வீட்டு வாசலில் பூக்களைப் பார்த்த பிறகே கடைக்குப் போய்க் கிழங்கு கேட்கிறார்கள். அந்தப் பருவத்தில் டாலியா, கிளாடியோலஸ் போன்ற கோடைகாலக் கிழங்குகளும், தொட்டியில் ஏற்கெனவே பூத்து நிற்கும் செடிகளும்தான் கடையில் கிடைக்கும். வசந்தகாலக் கிழங்குகள் ஆகஸ்ட் கடைசியில் கடைக்கு வந்து நவம்பருக்குள் தீர்ந்துவிடுகின்றன. டொராண்டோ வட்டாரத்தையும் லண்டன் வட்டாரத்தையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. இதே அளவு குளிர் உள்ள மற்ற ஊர்களுக்கும் சிறு மாற்றங்களோடு இது பொருந்தும்.

கிழங்குக்குள் என்ன இருக்கிறது

அக்டோபரில் வாங்கிய டியூலிப் கிழங்கு ஒன்றைக் கூரிய கத்தியால் நெடுக்கு வாக்கில் இரண்டாகப் பிளந்து பார்த்தால், வெங்காயத்தில் இருப்பதுபோன்ற வெள்ளைச் சதை அடுக்குகளுக்கு நடுவே, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் சிறு முளை ஒன்று தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த முளையை மெல்லப் பிரித்தால் சுருண்ட இலைகளும், அவற்றுக்குள் ஆறு இதழ்களும், ஆறு மகரந்தத் தாள்களும், நடுவில் சூலகமும் ஏற்கெனவே உருவாகியிருப்பதைக் காணலாம். வருகிற வசந்தத்தில் விரியப்போகும் பூ கோடைகாலத்திலேயே கிழங்குக்குள் தயாராகிவிடுகிறது என்பதால், முதல் ஆண்டுப் பூவுக்கு நம் உரமோ திறமையோ பெரிதாகத் தேவைப்படுவதில்லை. குளிரும் வடிகாலும் அமைந்தால் போதும், அது பூத்துவிடும். நம் கவனிப்பு உண்மையில் சோதிக்கப்படுவது இரண்டாம் ஆண்டுப் பூவில்தான். அதற்கான உணவை இந்த ஆண்டின் இலைகள் சேர்த்து வைக்கவேண்டியிருக்கிறது.

டியூலிப்பின் காட்டினங்கள் பாமிர், தியான்ஷான் மலைகளை உள்ளடக்கிய மத்திய ஆசியப் பகுதியைச் சேர்ந்தவை. உறைய வைக்கும் பனிக்காலம், பனி உருகி நனையும் குறுகிய வசந்தம், மண் காய்ந்து கிடக்கும் கோடை ஆகிய மூன்றுக்கும் பழகிய செடி அது. உதுமானியர் அதைத் தோட்டச் செடியாக வளர்த்தார்கள். 1593ஆம் ஆண்டில் தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் நெதர்லாந்தின் லைடன் நகரத் தாவரத் தோட்டத்தில் அதை நட்டார். அதன் பிறகு எத்தனையோ ஆயிரம் ரகங்கள் வந்துவிட்டாலும், மலையில் பழகிய அந்த மூன்று தேவைகளும் மாறவில்லை. டியூலிப் வளர்ப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதாவதொன்று தவறுவதால் வருபவையே.

குளிரின் வேலை பூத்தண்டை நீள வைப்பது. ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரங்கள் வரை இருந்தால்தான் டியூலிப்பின் தண்டு சரியாக நீளும். அது குறைந்தால் பூ இலைகளுக்கு நடுவே மண்ணை ஒட்டிக் குட்டையாக விரியும், அல்லது மொட்டிலேயே கருகிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கிழங்கை வரவழைத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதில் அடங்கியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் வைத்து நட்டாலும் சென்னையின் வெப்பத்தில் நல்ல பூ கிடைப்பது அரிது, மறு ஆண்டு அந்தக் கிழங்கு மிஞ்சவும் மிஞ்சாது. அந்தப் பணத்துக்குச் சம்பங்கிக் கிழங்கு வாங்கி நடுவதே மேல்.

எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை டாஃபோடில். அதன் கிழங்கு ஆண்டுதோறும் பெருத்துப் பக்கக் கிழங்குகளை ஈன்று கொத்தாகப் பெருகும். நச்சுத்தன்மை உள்ளதால் அணிலும் மானும் அதைத் தொடுவதில்லை. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகளுக்குப் பூக்கும். குள்ளமான 'டேட் அ டேட்', வெள்ளைப் பூவும் நறுமணமும் உள்ள 'தாலியா', பெரிய மஞ்சள் எக்காளப் பூவுடைய 'டச் மாஸ்டர்' ஆகிய மூன்றும் எளிதில் கிடைப்பவை, நம்பி நடக்கூடியவை.

டியூலிப்பின் இயல்பு வேறு. தாய்க்கிழங்கு பூத்த பின் தன்னைக் கரைத்துக்கொண்டு, தன் இடத்தில் சேய்க்கிழங்குகளை விட்டுச் செல்கிறது. அவை போதிய அளவு பருக்காவிட்டால் மறு வசந்தத்தில் ஒற்றை அகல இலை மட்டும் வந்து நிற்கும், பூ வராது. கிளிமூக்கு இதழ் உள்ளவை, அடுக்குப் பூ உள்ளவை போன்ற அலங்கார ரகங்கள் பலவற்றை ஓராண்டுப் பூக்களாகவே கருதி வாங்குவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும். திரும்பத் திரும்பப் பூக்கவேண்டும் என்று விரும்புபவர்கள் 'அப்பல்டோர்ன்' போன்ற டார்வின் கலப்பினங்களையோ, பொசுடேரியானா, கவுப்மானியானா, கிரெய்கி வகைகளையோ, டார்டா போன்ற சிறு காட்டினங்களையோ தேர்ந்துகொள்ளலாம். கவர்ச்சியில் ஒரு படி குறைந்தாலும், ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது தோட்டத்தில் மிஞ்சியிருப்பவை இவைதான்.

கடையில் கிழங்கைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கவேண்டும். நல்ல கிழங்கு கெட்டியாகவும், அளவுக்கேற்ற கனத்தோடும் இருக்கும். அடித்தட்டு மெத்தென்று அமுங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ அது பியூசேரியம் என்ற பூஞ்சையால் அழுகல் கண்ட கிழங்கு, விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம். மேல்தோலில் நீலப்பச்சைப் பூசணம் திட்டாகப் படிந்திருப்பதோ, பழுப்புத் தோல் உரிந்திருப்பதோ பெரிய குறையன்று. டியூலிப் கிழங்குகள் சுற்றளவின்படி தரம் பிரித்து விற்கப்படுகின்றன. 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை முதல்தரம். பெரிய பையில் மலிவாக வருபவற்றில் சிறு கிழங்குகளே மிகுதியாக இருக்கும்.

வாங்கிய கிழங்குகளை நடும்வரை காற்றோட்டமுள்ள காகிதப் பையிலோ வலைப்பையிலோ, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். ஆப்பிள் போன்ற பழங்களோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டையே அழித்துவிடும். வெங்காயக் கூடையின் பக்கமும் கொண்டு போகவேண்டாம். டாஃபோடில் கிழங்கை வெங்காயமென்று நினைத்துச் சமைத்து நச்சுக்கு ஆளானவர்கள் உண்டு. அதன் மொட்டுத் தண்டுகளைச் சீனச் சமையலில் பயன்படும் கீரைத்தண்டென்று தவறாக எண்ணி உண்டவர்களும் உண்டு. இதனால்தான் 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, காய்கறிகளுக்கு அருகே டாஃபோடில்களை வைக்கவேண்டாம் என்று பல்பொருள் அங்காடிகளை எச்சரித்தது. அதிலுள்ள லைகோரின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1944-45ஆம் ஆண்டுப் பனிக்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்து மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது வரலாறு என்றாலும், அதையும் உணவாகக் கருத வேண்டியதில்லை. டியூலிப்பைத் தொடர்ந்து கையாள்பவர்களுக்கு விரல் தோல் வெடிக்கும், ஹயசிந்த் கிழங்கின் தூள் பட்டாலே சிலருக்கு அரிப்பெடுக்கும். கையுறை அணிந்துகொள்வது நல்லது.

எப்போது, எங்கே

காலத்தைத் தீர்மானிப்பது மண்ணின் வெப்பமே. அது 13 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு நடுவது முறை. டொராண்டோவில் இது செப்டம்பர் கடைசியில் தொடங்கும். அக்டோபர் முழுவதும் நடலாம். நவம்பரிலும், மண் உறைந்து கட்டியாகும் வரை, நடத் தடையில்லை. உறைவதற்கு முன் நான்கைந்து வாரம் கிடைத்தால் கிழங்கு நன்றாக வேரூன்றிக்கொள்ளும். மேலே ஒன்றும் தெரியாத அந்த வாரங்களில்தான் கீழே வேர்கள் இறங்குகின்றன. லண்டனில் டாஃபோடில், குரோக்கஸ், ஸ்னோட்ராப் ஆகியவற்றைச் செப்டம்பரிலேயே நட்டுவிட்டு, டியூலிப்பை மட்டும் நவம்பர் வரை தள்ளிப்போடவேண்டும். அங்கே ஈரமான இதமான இலையுதிர்காலத்தில் டியூலிப்பைத் தாக்கும் 'டியூலிப் தீ' என்ற பூஞ்சை நோய், குளிர் ஏறிய பிறகு நட்டால் வெகுவாகக் குறைகிறது. நடத் தவறிய கிழங்குகளை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். அலமாரியில் அவை தம் சேமிப்பைத் தின்று சுருங்கிவிடும். டிசம்பரில்கூட மண்ணில் மண்வெட்டி இறங்கினால் நட்டுவிடுவதே நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். ஆனால் இலையுதிர்க்கும் மரத்தடியை ஒதுக்கிவிடத் தேவையில்லை. மேப்பிள் மரம் தழைப்பதற்கு முன்பே குரோக்கஸும் ஸ்னோட்ராப்பும் பூத்து முடித்துவிடும். வடிகாலில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. நிலம் எப்படி என்று தெரிந்துகொள்ள, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீரை நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பார்க்கவேண்டும். சில மணி நேரம் கழித்தும் நீர் தேங்கி நின்றால் அங்கே டியூலிப் அழுகும். புதுக் குடியிருப்புகளில் கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன களிமண்ணே பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அத்தகைய நிலத்தில் குழிக்குள் மட்டும் மணல் போட்டால் அது நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். பாத்தி முழுவதையும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி மக்கிய உரத்தைக் கலக்கவேண்டும், அல்லது 15 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி அமைக்கவேண்டும். கோடையில் தானியங்கி நீர்த்தெளிப்பான் நனைக்கும் புல்தரை ஓரங்களும் டியூலிப்புக்கு ஆகாதவை, ஏனெனில் ஓய்வுக் காலத்தில் அதற்கு மண் உலர்ந்திருக்கவேண்டும்.

நடும் முறை

ஒவ்வொரு கிழங்குக்கும் தனித்தனிக் குழி போடுவதைவிட, ஓர் அகலமான குழியைத் தோண்டி ஏழோ ஒன்பதோ கிழங்குகளைக் கொத்தாக வைப்பது வேலையையும் குறைக்கும், பூக்கும்போது பார்வைக்கும் நன்றாயிருக்கும். வேலி ஓரத்தில் ஒற்றை வரிசையாக நின்றால் பூக்கள் பள்ளிப் பிள்ளைகள்போல விறைத்து நிற்கும்.

ஆழத்துக்கு எளிய விதி, கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தோண்டுவது. அப்போது கிழங்குக்கு மேலே இரண்டு மடங்கு மண் இருக்கும். டியூலிப்புக்கும் டாஃபோடிலுக்கும் இது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். மணற்பாங்கான நிலத்தில் டியூலிப்பை 20 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். ஹயசிந்துக்கு 12 முதல் 15 வரையும், குரோக்கஸ், மஸ்காரி, ஸ்னோட்ராப் ஆகியவற்றுக்கு 8 முதல் 10 வரையும் போதும். பெரிய கிழங்குகளுக்கு இடையே 10 முதல் 15 சென்டிமீட்டரும், சிறியவற்றுக்கு இடையே 5 முதல் 8 சென்டிமீட்டரும் விடவேண்டும். மேலோட்டமாக நடுவது பலரும் செய்யும் பிழை. பனி உறைந்து இளகும்போது மண் பொருமிக் கிழங்கை மேலே தள்ளிவிடும், அணிலுக்கும் தோண்டுவது எளிதாகிவிடும்.

குழியின் அடி மண்ணைச் சற்றுக் கொத்தித் தளர்த்தி, தட்டையான வேர்ப்பகுதி கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்குமாறு கிழங்கை லேசாக அழுத்தி வைக்கவேண்டும். அடியில் காற்றிடைவெளி இருக்கக்கூடாது. எது மேல், எது கீழ் என்று புரியாத கிழங்குகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் முளை தானாகவே மேலே திரும்பிக்கொள்ளும். எடுத்த மண்ணையே மூடி, கையால் அமுக்கி, ஒருமுறை நன்றாக நீர் விடவேண்டும். அதன் பிறகு மழை அறவே இல்லாமல் போனாலொழிய வசந்தம்வரை நீர் தேவையில்லை. தொழுவுரத்தைப் பச்சையாகக் குழியில் போடக்கூடாது. எலும்புத்தூள் போடுவது பழைய வழக்கம் என்றாலும், அதன் வாடைக்கு டொராண்டோவில் ரக்கூனும் லண்டனில் நரியும் வந்து பாத்தியைக் கிளறும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அணில்

வட அமெரிக்காவில் டியூலிப் நடுபவருக்கு நோயைவிடப் பெரிய இடர் அணில். கிளறப்பட்ட மண்ணைக் கண்டாலே அது தோண்டிப் பார்க்கும், டியூலிப்பும் குரோக்கஸும் அதற்குப் பிடித்த உணவு. மிளகாய்த்தூள் தூவும் வழக்கம் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. ஒரு மழையில் அது கரைந்துவிடும், காற்றில் பறந்து நம் கண்ணிலும் விழும். நம்பத்தக்க வழி கோழிக்கூட்டுக் கம்பிவலைதான். நட்டு மூடிய இடத்தின்மேல் 2.5 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையை விரித்து, ஓரங்களைக் கல்லாலோ ஆணியாலோ இறுக்கி, மேலே சிறிது மண்ணையும் காய்ந்த இலைகளையும் பரப்பிவிடலாம். முளைகள் கண்கள் வழியே மேலே வரும். நடும்போது உதிர்ந்த பழுப்புத் தோல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடவேண்டும், அந்த வாடையே அணிலுக்கு வழிகாட்டி. இத்தனை உழைப்பும் வேண்டாம் என்பவர்கள் டாஃபோடில், அலியம், மஸ்காரி, ஸ்னோட்ராப் என அணில் விரும்பாதவற்றை மட்டும் நட்டு நிம்மதியாக இருக்கலாம். நடுவே ஓரிரு டாஃபோடிலை வைத்தால் டியூலிப் தப்பும் என்று சொல்வதுண்டு. பசித்த அணில் அதற்கெல்லாம் அசைவதில்லை.

தொட்டியில் நடுவது

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், அடியில் துளையுள்ள 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத் தொட்டியில், கீழே டியூலிப், அதற்கு மேல் மண்ணிட்டுக் குள்ள டாஃபோடில், மேலடுக்கில் குரோக்கஸ் என்று அடுக்கு முறையில் நட்டால், ஒரே தொட்டி இரண்டு மாதங்களுக்கு மாறி மாறிப் பூக்கும். லண்டனில் இதை வெளியிலேயே சுவரோரமாக விட்டுவிடலாம். டொராண்டோவில் தொட்டியின் மண் பக்கவாட்டிலும் உறைந்து வேர்களைக் கொன்றுவிடும் என்பதால், வெப்பமூட்டாத கராஜில் வைத்து, மண் முற்றிலும் வறண்டுவிடாமல் மாதம் ஒருமுறை சிறிது நீர் விட்டு, மார்ச் இறுதியில் வெளியே எடுக்கவேண்டும்.

முளை கண்ட பிறகு

பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இளஞ்சூட்டில் முளைகள் தலைகாட்டிய பிறகு மறுபடியும் பனி கொட்டினால் பதற்றம் வேண்டாம். இலை நுனி சற்றுக் கருகினாலும் மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. இந்த நேரத்தில்தான் உரமிடவேண்டும். தழைச்சத்து குறைந்து சாம்பல் சத்து மிகுந்த உரத்தைச் சிறிதளவு பாத்தியில் தூவிக் கிளறிவிடலாம். இந்த உரம் அடுத்த ஆண்டுக் கிழங்குக்கானது.

பூவைக் குவளையில் வைக்க வெட்டுபவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். டியூலிப்பைத் தண்டோடு வெட்டும்போது இலைகளும் சேர்ந்து வந்துவிட்டால் அந்தக் கிழங்கு மறு ஆண்டு பூக்காது. வெட்டிய டாஃபோடில் தண்டிலிருந்து கசியும் சாறு குவளையிலுள்ள மற்றப் பூக்களை, குறிப்பாக டியூலிப்பை, விரைவில் வாட வைக்கும். ஆகவே அதைத் தனி நீரில் ஓர் இரவு வைத்து, மறுபடி நுனியை வெட்டாமல் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

இலையை விட்டுவையுங்கள்

பூ வாடியதும் அதன் தலையை மட்டும் கிள்ளி எறியவேண்டும், இல்லையென்றால் கிழங்குக்குப் போகவேண்டிய உணவு விதைக்குப் போய்விடும். இலைகளை மட்டும் ஆறு வாரமாவது தொடவேகூடாது. மே கடைசியில் மஞ்சளித்துச் சரிந்து கிடக்கும் இலைகள் பார்வைக்கு அழகில்லை என்பது உண்மைதான். விருந்தாளி வருகிறார் என்று அவற்றை ஒட்ட வெட்டுபவர்களும், டாஃபோடில் இலைகளைப் பின்னலாக முடிந்து ரப்பர் வளையம் போடுபவர்களும் உண்டு. வெட்டுவது கிழங்கைப் பட்டினி போடுவதாகும். முடிவதும் இலையில் வெயில் படும் பரப்பைக் குறைப்பதால் ஏறக்குறைய அதே கேடுதான். இழுத்தால் கையோடு வரும் அளவுக்கு இலை காய்ந்த பிறகே அகற்றவேண்டும். அதுவரை அவற்றை மறைக்க ஹோஸ்டா, டேலில்லி போன்ற செடிகளைப் பக்கத்தில் நட்டுவைப்பது நல்ல ஏற்பாடு. கிழங்கின் இலை சாயும் அதே நேரத்தில் இவற்றின் இலை விரிந்து மூடிக்கொள்ளும். புல்தரையில் நட்ட குரோக்கஸுக்கும் இதே விதி பொருந்தும். அதன் மெல்லிய இலைகள் மஞ்சளிக்கும்வரை அந்தப் பகுதியில் புல்வெட்டி ஓட்டக்கூடாது.

இலை சுருண்டு, தீய்ந்ததுபோல் திட்டுகள் தெரிந்தால் அது டியூலிப் தீ. அந்தச் செடியைக் கிழங்கோடு தோண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு டியூலிப் நடாதிருக்கவேண்டும். மக்கு உரக் குவியலில் அதைச் சேர்க்கக்கூடாது.

டாஃபோடில் இலை மட்டும் தழைத்துப் பூ வராமற்போனால், முதலில் நிழலையும் ஆழத்தையும் பார்க்கவேண்டும். இரண்டும் சரியென்றால் கொத்து நெரிசலாகிவிட்டது என்று பொருள். இலை காய்ந்த ஜூன் கடைசியில் கொத்தின் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மொத்தமாகப் பெயர்த்து, கையால் எளிதில் பிரியும் கிழங்குகளை மட்டும் பிரிக்கவேண்டும். தாயோடு இறுக ஒட்டியிருப்பவற்றைப் பிய்த்தால் அடித்தட்டு கிழிந்து அழுகல் ஏறும். கழுத்துப்பகுதி மெத்தென்று இருப்பதில் நார்சிசஸ் ஈயின் புழு புகுந்திருக்கலாம், அதைத் தனியே எடுத்து அழித்துவிடவேண்டும். நல்லவற்றை உடனே வேறிடத்தில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடலாம், அல்லது வலைப்பையில் கட்டிக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டுச் செப்டம்பரில் நடலாம். பட்டாணி அளவுள்ள குட்டிக் கிழங்குகள் பூக்கும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், அவற்றைக் காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி, பெயர்ப்பலகை வைத்த தனி மூலையில் வளர்ப்பது பாதுகாப்பானது.